லட்சுமி அத்தையின் நண்டு ரசம்

அத்தியாயம் 14

பன்னிரண்டு மணி ஆனதும் தேவியின் பேட்டரி ஆட்டோ சமையல் கூடத்து வாசலிலிருந்து கிளம்பியது. இருபத்தேழு எவர்சில்வர் டப்பாக்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள் வைஷ்ணவி. போனில் மணியைப் பார்த்தபடியே இருந்தாள்.

பதினைந்து நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. வரதன் தாத்தா வாசற்படியில் சுருண்டு விழுந்ததைக் கோட்டைக்குப்பம் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார் மனிதர். சாப்பாடு வந்து சேர்ந்ததோ இரண்டே முக்காலுக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றியதால் பிழைத்தார்.

அன்றைக்குச் சாப்பாடு கொண்டுபோனது வைஷ்ணவியின் அம்மா பச்சையம்மா.

அன்றைக்கு மட்டுமா? ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மகளிர் குழு சமைத்துப் போட ஆரம்பித்த நாலு வருஷமாகவே, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள் அவள்தான். பதினொன்றரைக்குக் கிளம்புவாள். திரும்பி வர மூன்றாகும், சில நாள் நாலு. "வழியில அப்டி இன்னாதாம்மா பண்ற?" என்று கேட்டால், "இன்னா பண்ணுவாங்க, பேசிகினு வருவேன்" என்பாள்.

விஷயம் சென்னைக்கும் போய்விட்டது. அரிசி, பருப்புக்கு உதவும் டிரஸ்டின் மேனேஜர் உலகநாதன் போனில் நிதானமாகத்தான் சொன்னார். "ஒரு மணிக்குள்ள எல்லாருக்கும் சாப்பாடு போய்ச் சேரணும்மா. முடியலேன்னா நாங்க வேற ஊரைப் பார்க்க வேண்டியிருக்கும்."

அந்த வாரமே வைஷ்ணவி பழவேற்காட்டில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஊரின் ஒவ்வொரு தெருவையும் வரைந்தாள். டப்பாக்களுக்கு நம்பர் போட்டாள். காலையில் மீன் பெட்டி ஏற்றிவிட்டு மத்தியானம் சும்மா நிற்கும் தேவியின் ஆட்டோவைப் பேசி முடித்தாள். இன்று லீவு போட்டுவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, நீ இன்னிலேர்ந்து சமையலோட நின்னுக்கோ. அந்த முட்டிய வச்சிகினு நடக்க வேணாம்" என்று காலையில் அவள் சொன்னபோது, பச்சையம்மா "சரி" என்றாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அம்மா. வெறும் "சரி" என்றது வைஷ்ணவிக்கு என்னவோ போலிருந்தது. நின்று கேட்க நேரமில்லை.

முதல் டப்பா வரதன் தாத்தாவுக்கு. மூடியைத் திறந்ததும் அவர் முகத்தில் ஆவி அடித்தது. "அடேங்கப்பா, கொதிக்குதே!" என்று விரலை உதறிக்கொண்டு சிரித்தார். வைஷ்ணவிக்கு அழுகை வரும்போலிருந்தது. இது போதும் என்று தோன்றியது.

அதன் பிறகு ஆட்டோ எங்கும் நிற்கவே இல்லை என்று சொல்லலாம். தேவி ஹாரன் அடிப்பாள், வைஷ்ணவி குதித்து இறங்குவாள், டப்பாவைக் கையில் கொடுப்பாள், ஏறிவிடுவாள். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மார்கரெட் ஏதோ ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டி, "ஒரு நிமிஷம் நில்லு கண்ணு" என்றார். "அப்பால வரேன் ஆன்ட்டி!" என்று ஓடிவந்துவிட்டாள்.

பதினொன்றாவது வீடு பெரியப்பா திருவேங்கடத்தினுடையது. வைஷ்ணவியின் அப்பாவுக்கு அண்ணன். எழுபத்து மூன்று வயது. பெரியம்மா போன பிறகு தனிக்கட்டை. சத்தம் கேட்டதுமே வாசலில் வந்து நின்றார். கையில் மூடி போட்ட ஒரு சின்னத் தூக்கு.

"உங்கம்மா எங்க?"

"வரல பெரிப்பா. இனிமே நாங்கதான்."

"அப்ப இத..." என்று தூக்கைப் பார்த்தார்.

"டைமாவுது பெரிப்பா!"

ஆட்டோ தெருமுனை திரும்பும்போது வைஷ்ணவி பார்த்தாள். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் தூக்கு. அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கடைசி டப்பாவைக் கொடுத்துவிட்டு போனைப் பார்த்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டாள். இரண்டே நிமிஷத்தில் உலகநாதன் சாரின் குரல் வந்தது. "பிரமாதம்மா. இதைத்தான் எதிர்பார்த்தேன்."

"கலக்கிட்ட போ" என்று முதுகில் தட்டினாள் தேவி.

மூன்று மணிக்குக் காலி டப்பாக்களை எடுக்கக் கிளம்பியபோதுதான் கதை மாறியது.

மார்கரெட் ஆன்ட்டி டப்பாவோடு அந்தப் பொட்டலத்தையும் மடியில் வைத்துவிட்டார். பிரித்தால் முருங்கைக்கீரை, காம்பு கிள்ளி, ஒரு பழுப்பு இலை இல்லாமல். "வரதன் வீட்ல குடுத்துடு. சர்க்கரைக்கு நல்லது. பச்சையம்மாதான் தினமும் கொண்டுபோவா. அவளுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க ஆன்ட்டி."

வரதன் தாத்தா கீரையை வாங்கிக்கொண்டு, கம்பி சுற்றிச் சரிசெய்த ஒரு மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தார். கோயில் பக்கத்து வீட்டு ஆயாவினுடையது. அந்த ஆயா ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து, அடுத்த தெருவில் ஒரு பெயரைச் சொன்னாள். அங்கே ஒரு குடை, திருப்பித் தர வேண்டியது. அதற்கடுத்த வீட்டில் கண்ணில் விடும் மருந்து. கொண்டுபோவதற்கு இல்லை, விட்டுவிடுவதற்கு. "பச்சையம்மா வந்துதான் விடுவா. எனக்குக் கை நடுங்குது" என்று அந்தக் கிழவர் முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். வைஷ்ணவி விட்டாள். முதல் சொட்டு கன்னத்தில் வழிந்தது.

எல்லா வீட்டிலும் அதே கேள்வி. பச்சையம்மாவுக்கு இன்னா ஆச்சி?

வரதன் தாத்தா மட்டும் வேறு மாதிரி கேட்டார். "நா வுழுந்ததுக்காகவா அவள நிறுத்திட்டீங்க?"

"அப்டியில்ல தாத்தா..."

"'நா வந்தப்பறம் ஊசி போட்டுக்கோ'னு நூறு வாட்டி சொல்லிகீறா அவ. கேக்காம மின்னாடியே போட்டுகினது நானு. தப்பு என்னுது. அவகிட்ட சொல்லு."

"சொல்றேன் தாத்தா" என்றாள் வைஷ்ணவி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். காலி டப்பாக்களுக்கு நடுவே வாழைப்பழம், குடை, யாரோ யாருக்கோ தைத்துக் கொடுத்த தலையணை உறை. அம்மா தலையில் சுமந்துபோன கூடையில் சாப்பாடு மட்டும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ரவுண்ட் முடிக்க அஞ்சாவும் போலகீதே" என்றாள் தேவி.

"ஆவட்டும்க்கா. நீ ஓட்டு."

பெரியப்பா அதே இடத்தில்தான் இருந்தார். இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். தூக்கு மடியில் இருந்தது. சாப்பாட்டு டப்பாவில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

"ஏன் பெரிப்பா சாப்டல?"

"உங்கம்மாக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"இல்ல பெரிப்பா. சமையல் கூடத்துலதான் கீறாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். தூக்கை நீட்டினார். "லட்சுமிக்கு. உங்கம்மா எப்டி குடுப்பாளோ அப்டி குடுத்துடு."

வைஷ்ணவி அப்படியே நின்றுவிட்டாள். லட்சுமி அத்தையா?

பெரியப்பாவும் லட்சுமி அத்தையும் கூடப் பிறந்தவர்கள். ஆனால் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம். தாத்தா கட்டிய வீடு வெளியாள் கைக்குப் போனபோது வந்த சண்டை. பத்திரத்தில் தங்கச்சி திருட்டுத்தனமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று பெரியப்பா நடுத்தெருவில் கத்தினார். "செத்தாலும் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். இரண்டு பேருக்கும் தம்பியான வைஷ்ணவியின் அப்பா ஜெகதீஸ்வரன் எவ்வளவோ சமாதானம் பேசிப் பார்த்தார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் போயே ஆறு வருஷம் ஆகிறது.

அப்படிப்பட்ட பெரியப்பா அத்தைக்கு ஒரு தூக்கு கொடுத்தனுப்புகிறார் என்றால்? சமாதானமாகிவிட்டது! அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

வைஷ்ணவி சிரித்த முகத்தோடுதான் அத்தை வீட்டுக்குள் போனாள்.

லட்சுமி அத்தை போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவள். அன்றிலிருந்து இரும்புக் கட்டில்தான் உலகம். மகன் துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு இரவில்தான் வருவான். உடம்பு பாதியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு வாய் தின்றால் பெரிது.

"அத்த, இன்னா கொண்டாந்துகீறேன் பாரு." மூடியைத் திறந்தாள். மிளகு வாசனை அறை முழுக்கப் பரவியது. நண்டு ரசம். ஓடெல்லாம் நீக்கி, வெறும் சதையைப் பஞ்சு பஞ்சாக உதிர்த்துப் போட்டிருந்தது. பல்லில்லாத வாய்க்கென்றே செய்த பக்குவம்.

அத்தையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "பச்ச இன்னும் வரலியேனு பாத்துகினே இருந்தேன். ஊத்து, ஊத்து."

கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள் வைஷ்ணவி. "பெரிப்பா குடுத்தனுப்பிச்சாரு அத்த!"

கிண்ணத்துக்கு நீண்ட கை நின்றது. பிறகு மெதுவாகப் போர்வைக்குள் போய்விட்டது.

"எடுத்துகினு போ."

"அத்த?"

"எடுத்துகினு போடி."

வைஷ்ணவிக்கு ஒன்றும் புரியவில்லை. "தினமும் அவருதான் குடுக்கறாரா? அது... அது உனக்குத் தெரியாதா அத்த?"

லட்சுமி அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். "உங்கம்மா நண்டு ஒடச்சா வாயில ஓடு குத்தும். எனக்குத் தெரியாதா இது யாரு கைனு? அவன் போட்ல போன காலத்துலேர்ந்து தின்ன கை." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "தெரியாத மாரி இருந்தா சாப்டலாம். இப்ப நீ சொல்லிட்டியே. சொன்னதுக்கப்பறம் எப்டிடி சாப்டறது?"

பச்சையம்மா சமையல் கூடத்தில் தனியாக உட்கார்ந்து அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். மகள் கையில் தூக்கைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"லட்சுமி அண்ணி சாப்டலியா?"

வைஷ்ணவி நடந்ததைச் சொன்னாள். பச்சையம்மா ஈரக்கையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் படுத்ததுலேர்ந்து அவங்க வயித்துக்குள்ள ஒழுங்கா போறது அது ஒண்ணுதான்டி. 'நா வச்சேன் அண்ணி'னு குடுப்பேன். 'நல்லாகீது பச்ச'னு சாப்டுவாங்க. அவ்ளோதான். அத ஒரே வார்த்தைல ஒடச்சிட்டு வந்து நிக்கற."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" வைஷ்ணவிக்கும் கோபம் வந்தது. "கீரை, குடை, கண்ணு மருந்து, எதையுமே சொல்லல. காலைல 'சரி'னு ஒரே வார்த்த. இப்டி இப்டினு சொல்லியிருந்தா நா கேட்டிருக்க மாட்டேனா?"

பச்சையம்மா அண்டாவைப் பார்த்தாள். "எந்த மூஞ்ச வச்சிகினு சொல்றது? வரதண்ணன் வுழுந்த அன்னிக்கி நா எங்க இருந்தேன் தெரியுமா? அண்ணிக்கு ரசம் ஊட்டிகினு இருந்தேன். 'இன்னும் ரெண்டு வாய்'னு அவங்க கேட்டாங்க. ஜல்தியா கெளம்பியிருந்தா அந்த மனுஷன் வுழுந்திருக்க மாட்டாரு. நீ போட்ட கணக்குதான் சரி. எனக்குத்தான் கால் ஓடல."

வைஷ்ணவி அம்மாவின் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். இந்தப் பதினைந்து நாளும் தூங்காதது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாளே!

"வரதன் தாத்தா ஒண்ணு சொல்லச் சொன்னாரும்மா. தப்பு அவருதாம். நீ சொல்லியும் கேக்காம ஊசி போட்டுகினாராம்."

பச்சையம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பாடு மட்டும் ஆட்டோல போவட்டும்மா" என்றாள் வைஷ்ணவி. "பன்னெண்டே முக்காலுக்குள்ள எல்லார் வயித்துக்கும் போயிடும். மூணு மணிக்கு டப்பா எடுக்க நீ போ. தேவிக்காவோட ஆட்டோல உக்காந்துகினு போ. எந்த வூட்ல எவ்ளோ நேரம்னு யாரும் கேக்க மாட்டாங்க. உலகநாதன் சாரும் கேக்க மாட்டாரு, நா பேசிக்கறேன்."

"அத்தினி நேரம் தேவி நிப்பாளா?"

"நிக்காம?" என்று வாசலிலிருந்து தேவியின் குரல் வந்தது. "இன்னிக்கி மட்டும் ஆளாளுக்குக் குடுத்து ஏழு வாழப்பழம் தின்னுகீறேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. பச்சையம்மா தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அது நாளைக்கி. இன்னிக்கி அண்ணி பட்டினி. வா, ஒங்க பெரிப்பாகிட்ட போவலாம்."

திருவேங்கடம் எல்லாவற்றையும் கேட்டார். தூக்கைத் திறந்து பார்த்தார். ஒரு வாய்கூடக் குறையவில்லை. ரொம்ப நேரம் மூடியை வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். வைஷ்ணவி அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அம்மா கண்ணாலேயே தடுத்தாள்.

"சாப்டவே இல்லியா?" என்றார் கடைசியில்.

"இல்ல மாமா" என்றாள் பச்சையம்மா.

அவர் உள்ளே போனார். அடுப்பு பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. ரசத்தைச் சுடவைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அப்படியே நடந்தார். அம்மாவும் மகளும் பின்னால் போனார்கள், தேவி ஆட்டோவை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள்.

ஏரி பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருவேங்கடம் எந்தத் தெருவுக்குள் திரும்புகிறார் என்று பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

லட்சுமி அத்தை வீட்டு வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் அவர் கால் நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"மாமா, உள்ள போங்க" என்றாள் பச்சையம்மா.

அவர் தலையை ஆட்டினார். "சொன்ன வார்த்த இருக்குது."

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அவன வரச் சொல்லி யாரும் கூப்டல. என்னால எழுந்தும் வர முடியாது."

வைஷ்ணவி அங்கே பார்த்தாள், இங்கே பார்த்தாள். இவர் நுழைய மாட்டார். அவளால் வர முடியாது. நடுவில் எட்டடித் தரை.

"தேவிக்கா, அந்தப் பக்கம் பிடி!"

"எத?"

"கட்டில!"

"ஏய், இன்னாடி பண்றீங்க? ஏய்!" என்று லட்சுமி அத்தை கத்தக் கத்த, இரண்டு பேரும் ஒரு பக்கமும் பச்சையம்மா ஒரு பக்கமுமாக இரும்புக் கட்டிலை இழுத்தார்கள். கால்கள் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டன. கட்டிலின் தலைமாடு வாசல் நிலையில் வந்து இடித்து நின்றது.

இப்போது அண்ணன் வெளியே, தங்கை உள்ளே. நடுவில் வாசற்படி மட்டும்.

பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை. திருவேங்கடம் தங்கையின் மணிக்கட்டையே பார்த்தார். வளையல் முழங்கை வரை நழுவுமளவுக்கு மெலிந்திருந்தது அது.

அவர் தரையில் குந்தினார். தூக்கின் மூடியிலேயே ரசத்தை ஊற்றி, ஊதி, நீட்டினார். 

லட்சுமி வாங்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை. ஒரு சொட்டு வாசற்படியில் சிந்தியது.

"சட்டைல கொட்டிக்கப் போற" என்றாள் லட்சுமி. மூடியை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு ஜாஸ்தி."

"இன்னிக்கா?"

"எப்பவுமே."

"இத்தினி நாளா சொல்லலியே?"

"யாருகிட்ட சொல்றது?"

திருவேங்கடம் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளைச் சட்டையின் தோள் குலுங்கியது. லட்சுமி காலியான மூடியை அவர் முன்னால் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

 தேவி எங்கேயோ பார்ப்பதுபோல் ஆட்டோவைத் துடைக்கப் போனாள்.

தூக்கு முழுக்கக் காலியான பிறகுதான் லட்சுமி நிமிர்ந்தாள். "பச்ச, நீங்க போங்க. எனக்கு எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசணும்."

அம்மாவும் மகளும் தெருவில் இறங்கி நடந்தார்கள். முட்டி வலியில் பச்சையம்மா மெதுவாக நடக்க, வைஷ்ணவி அவள் தோளைத் தாங்கிக்கொண்டாள். பத்தடி போயிருக்க மாட்டார்கள். பின்னால் லட்சுமி அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ண்ணா, கடல் மேல ஆணையா சொல்றேன். அந்தப் பத்திரத்துல கையெழுத்து போட்டது நா இல்ல."

பச்சையம்மாவின் கால் நின்றது.

வைஷ்ணவி திரும்பினாள். "அத்த போடலியா? அப்ப அத்த பேருல யாரும்மா போட்டது?"

பச்சையம்மா மகளின் கையைப் பிடித்தாள். அண்டா துலக்கிய அந்தக் கை சில்லென்று இருந்தது.

"வூட்டுக்கு வா, சொல்றேன்" என்றாள். "ஒங்க நைனா சாவறதுக்கு முந்தின நாள் அந்தக் கையெழுத்தப் பத்தி எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு."